ஏரி காத்த கவுல்

தொண்டை மண்டலத்து ஊர்ப்பெயர்களில் 'தாங்கல்' என்று முடிகிறவை ஏராளம். பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்று சென்னையோடு கரைந்துபோன ஊர்களிலும் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மழைநீரைத் தேக்கி நிறுத்தும் சிறிய ஏரிக்குத் தாங்கல் என்று பெயர். அப்படிப் பார்த்தால் வேடந்தாங்கல் என்பது வேடனின் ஏரி. வேடர்கள் தங்கிய இடம் என்று பொருள் சொல்வோரும் உண்டு. எப்படிப் பிரித்தாலும் பெயருக்குள் வேடன் இருக்கிறான். பறவைகளைக் கொல்ல வந்தவனின் பெயரைத் தாங்கிய ஊர், நாட்டிலேயே பழமையான பறவைக் காப்பிடம் என்ற பெருமையை எப்படிப் பெற்றது என்பது கேட்க வேண்டிய கேள்வி. உயிர்களிடத்தில் அன்பு கொண்ட கிராமத்தார் பறவைகளைக் காத்தார்கள் என்ற பாடப்புத்தகப் பதில் பொய்யில்லை, ஆனால் போதாது. வேடந்தாங்கலின் கதை, பாசனத்தின் வரலாற்றில் ஓர் அத்தியாயம். அங்கே பறவை பிழைத்ததற்குக் காரணம் அந்த ஏரியால் பிழைத்த மனிதர்கள், அவர்கள் கையில் இருந்த ஓர் உரிமைச் சீட்டு. காட்டுயிரைக் காப்பதும் நிலத்தைப் பயன்படுத்துவதும் எதிரெதிர்க் காரியங்கள் என்று எண்ணிப் பழகிவிட்ட நமக்கு, இந்த வரலாறு வேறு ஒன்றைச் சொல்கிறது.

முதலில் ஏரியைப் பார்க்க வேண்டும். செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் வட்டத்தில் இருக்கும் இந்த ஏரியின் பரப்பு ஏறத்தாழ 30 ஹெக்டேர். பக்கத்திலேயே பெரிய மதுராந்தகம் ஏரி இருக்க, இது அந்த வட்டாரக் கணக்கில் சின்ன நீர்நிலைதான். மனிதர்கள் கரை எழுப்பி உண்டாக்கியது; தானாக உருவான குளம் இல்லை. ஏரியின் உள்ளே நீர்க்கடம்பும் கருவேலும் கூட்டமாக நிற்கின்றன. நீர்க்கடம்பு மாதக்கணக்கில் கழுத்தளவு நீரில் நின்றாலும் அழுகாத மரம். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியதும் தண்டு மறைந்து தலை மட்டும் மேலே தெரியும். அந்தத் தலைகள்தான் பறவைகளின் ஊர். ஒரே மரத்தில் உச்சிக் கிளைகளில் நாரை, நடுவில் கொக்கு, நீரை ஒட்டிய தாழ்ந்த கிளையில் நீர்க்காகம் என்று அடுக்கடுக்காகக் கூடுகள். நத்தைக்குத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், வக்கா, பாம்புத்தாரா, கூழைக்கடா எல்லாம் இங்கே குஞ்சு பொரிக்கின்றன. மரத்தைச் சுற்றி நிற்கும் நீர்தான் அவற்றுக்கு அகழி. நரியும் கீரியும் காட்டுப்பூனையும் அதைத் தாண்டுவதில்லை. டிசம்பர், ஜனவரி மாதங்களில் அந்த மரங்களின் இலைகளை எச்சம் வெள்ளையடித்திருக்கும். கீழே நீர் பச்சை பூத்துக் குழம்பாக இருக்கும். அந்தக் குழம்புதான் மதகு வழியாக வயலுக்குப் போகிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் கரைந்த நீர். வேடந்தாங்கல் விவசாயி உரத்தைச் சுமந்துபோய்க் கொட்ட வேண்டியதில்லை. நீர் பாய்ந்தால் உரமும் பாய்ந்துவிடுகிறது.

இந்தப் பயனைத் தனியாக எடுத்துப் பார்த்தால் பறவை எச்சத்துக்காகப் பறவையைக் காத்த ஒரு சிறு கணக்காகத் தோன்றும். ஏரி என்ற ஏற்பாட்டுக்குள் வைத்துப் பார்த்தால்தான் அதன் கனம் புரியும். பழைய செங்கல்பட்டுச் சீமையை ஏரி மாவட்டம் என்பார்கள். வற்றாத ஆறு இல்லாத நிலம். பாலாறு வருஷத்தில் சில நாள் ஓடும். மழை கொட்டும் சில வாரங்களில் பிடித்து வைத்ததுதான் ஆண்டு முழுவதற்கும் சோறு. ஆகவே ஏரியைச் சுற்றி ஒரு நாகரிகமே வளர்ந்தது. அதே வட்டாரத்து உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையைச் சொல்வதால் பெயர் பெற்றவை. அவற்றில் வரும் வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். ஏரியைப் பராமரிப்பதற்கென்றே தேர்ந்தெடுத்த ஒரு குழு. கரையைப் பலப்படுத்துவது, வண்டல் அள்ளுவது, மதகைத் திறப்பது, கடைசி வயலுக்கும் நீர் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது எல்லாம் ஆளுக்கொரு முறையாக, பங்காக நடந்தன. ஏரியில் எதுவும் பொதுவாகக் கிடந்து வீணாகப் போனதில்லை. மீன் ஒரு பங்கு, வண்டல் ஒரு பங்கு, கரையிலிருந்த மரம் ஒரு பங்கு. வயலுக்கு நீர் பாய்ச்சும் நீர்க்கட்டிக்குக்கூட நெல்லில் பங்குண்டு. பறவை எச்சம் அந்தப் பங்குகளின் வரிசையில் இன்னொன்றாகச் சேர்ந்துகொண்டது. பங்கு இருக்கும் இடத்தில் காவலும் இருக்கும். வெளியாள் வந்து நாரையைச் சுட்டால் அது கிராமத்தின் உரக்குழியில் கை வைத்தது போல.

அப்படிக் கை வைத்தவர்கள் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தார்கள். 1763இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினி பெற்ற நிலப்பகுதிதான் செங்கல்பட்டு ஜாகீர். 1780இல் ஹைதர் அலியின் படையெடுப்பில் அந்தச் சீமை சீரழிந்தது. ஏரிகள் பல உடைந்து கிடந்தன, குடிகள் ஊரை விட்டு ஓடினார்கள். 1794 முதல் 1798 வரை அங்கே கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ். வரி வசூலில் கடுமையானவர். ஆனால் ஏரி நிரம்பாமல் வரி வராது என்பதையும் அறிந்தவர். மதுராந்தகம் ஏரிக்கரை உடையாமல் இராமரும் இலக்குவனும் வில்லேந்திக் காவல் நின்றதைக் கண்டதாகச் சொல்லப்படும் கலெக்டர் இவர்தான். அங்குள்ள ஏரி காத்த ராமர் கோயில் கதையில் இவர் இன்றைக்கும் ஒரு பாத்திரம். செங்கல்பட்டிலிருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு வேட்டை பொழுதுபோக்கு. வேடந்தாங்கல் மரங்களில் கூடு கட்டியிருந்த பறவைகளை அவர்கள் வந்து சுட, ஊரார் திரண்டுபோய்க் கலெக்டரிடம் முறையிட்டார்கள். எங்கள் ஏரிப் பறவையை யாரும் சுடக்கூடாது என்று கேட்டு 1798 வாக்கில் ஒரு கவுல் வாங்கி வந்தார்கள். வேடந்தாங்கலைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் தொடங்கும் இடம் இதுதான். இந்தச் செய்தியில் வழக்கமாகக் கலெக்டரின் பெருந்தன்மையைப் பாராட்டிவிட்டு மேலே போய்விடுவார்கள். நின்று பார்க்க வேண்டியது 'கவுல்' என்ற அந்தச் சொல்லை.

கவுல் அரபியிலிருந்து வந்த சொல். கொடுத்த வாக்கு, உறுதிமொழி என்று பொருள். வருவாய் நிர்வாகத்தில் அரசு குடியானவனுக்கு எழுதிக் கொடுக்கும் உடன்படிக்கைச் சீட்டு அது. இத்தனை வருஷம் இந்த நிலத்தை இன்ன வாரத்துக்கு உழுதுகொள், அதற்குமேல் உன்னைத் தொந்தரவு செய்யமாட்டேன் என்று ஆள்பவன் தன் கையைத் தானே கட்டிக்கொள்வது. அதில் இரண்டு தரப்பு உண்டு. இருவருக்கும் உரிமை உண்டு, இருவருக்கும் கடமை உண்டு. பறவையைப் பற்றிய ஏற்பாடு அந்த வடிவத்தில் வந்தது தற்செயல் இல்லை. அந்தக் காலத்துக் குடியானவனுக்கு நிலத்தைப் பற்றிய உரிமையை உறுதி செய்துகொள்ளத் தெரிந்திருந்த வழி அதுதான். அவர்கள் பறவைக்காகக் கருணை மனு போடவில்லை. தங்கள் சொத்தில் ஒரு பகுதிக்கு எழுத்து வாங்கினார்கள். 1858இல் அந்த உரிமையை மறுபடி உறுதி செய்து இன்னொரு கலெக்டரிடம் புதுச் சீட்டு பெற்றார்கள். 1858 என்பது கும்பினி ஆட்சி முடிந்து நாடு விக்டோரியா அரசியின் கைக்கு மாறிய ஆண்டு. ஆட்சி மாறும்போது பழைய பத்திரம் செல்லுமோ செல்லாதோ என்ற பயம் நிலம் வைத்திருக்கும் எவனுக்கும் வரும். அறுபது ஆண்டு கழித்தும், இரண்டு மூன்று தலைமுறை தாண்டியும், ஊரார் அந்தக் காகிதத்தை மறக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். உலகின் முதல் தேசியப் பூங்கா என்று பெயர் பெற்ற அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பிறந்தது அதற்கும் 14 ஆண்டு கழித்து, 1872இல்.

எல்லோஸ்டோனை இங்கே இழுப்பது யார் முந்தி என்று பந்தயம் கட்ட இல்லை. காப்பகம் என்றால் என்ன என்று உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த மாதிரி அதுதான் என்பதால். அந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடி வாழ்ந்த ஷோஷோனி முதலிய தொல்குடிகள் பூங்கா வந்த பத்து ஆண்டுக்குள் வெளியேற்றப்பட்டார்கள். ஆளில்லாத காடுதான் தூய காடு என்ற எண்ணம் அங்கிருந்து புறப்பட்டது. எல்லைக்கோடு போடு, உள்ளே இருப்பவனை வெளியேற்று, வாசலில் காவலாளியை நிறுத்து என்பது அதன் செய்முறை. 20ஆம் நூற்றாண்டில் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் வந்த காப்பகங்கள் பெரும்பாலும் இந்த வழியில் வந்தவை. வேடந்தாங்கல் இதற்கு நேர்மாறான பாதை. உள்ளே இருப்பவன்தான் காவலாளி. அவன் பயன்படுத்துவதுதான் காவலுக்குக் காரணம். இரண்டு பாதைகளில் எது நீடித்தது என்று கேட்டால், நூற்றாண்டுக் கணக்கில் ஒரே ஏரியில் பறவைகள் கூடு கட்டி வந்ததை எளிதாக ஒதுக்கிவிட முடியாது.

இதற்கு ஒரு மறுப்பு உடனே எழும். இலாபத்துக்காகச் செய்த காவல் இலாபம் நின்றால் நின்றுபோகுமே? யூரியா மூட்டை மலிவாகக் கடையில் கிடைக்கும்போது நாரை எச்சம் யாருக்கு வேண்டும்? ஆழ்துளைக் கிணறும் மின்மோட்டாரும் வந்தபின் ஏரி நீரையே நம்பாதவன் ஏரிப் பறவையை ஏன் நினைக்கப் போகிறான்? இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி, குளங்கள் இருக்கின்றன. 1960களின் தொடக்கத்தில் 9 லட்சம் ஹெக்டேருக்கு மேல் ஏரிப் பாசனத்தில் விளைந்தது; அது இன்று பாதியளவுக்குத் தேய்ந்துவிட்டது. ஏரியை விட்டு மனிதன் விலகிய இடங்களில் ஏரியும் போயிற்று, மனைப்பிரிவாயிற்று, சீமைக் கருவேலங்காடாயிற்று. ஆனால் அந்தத் தேய்வு எதைக் காட்டுகிறது? பயன்பாடு நீர்நிலையைக் கெடுத்தது என்றா? பயன்பாடு அற்றுப்போனதால் நீர்நிலை அழிந்தது என்றுதானே. அதோடு, பயனில் தொடங்கிய வழக்கம் பயனையும் கடந்து ஊரின் குணமாகிவிடுவதும் உண்டு. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் குஞ்சு பொரித்திருக்கும் பறவை பயந்துவிடுமென்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. பத்து வயதுப் பிள்ளையின் கையில் மத்தாப்போடு நிறுத்திக்கொள்வது ஒரு தாய்க்கு எத்தனை பெரிய காரியம் என்று யோசித்தால், அதை உரக் கணக்குக்குள் அடக்க முடியாது. சட்டம் போட்டும் வாங்க முடியாத கட்டுப்பாடு அது. பயனும் பற்றும் ஒன்றின்மேல் ஒன்று வளர்கின்றன. எது வேர் எது கிளை என்று பிரிப்பதில் பொருளில்லை.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது. 'ஊரார்' என்று இவ்வளவு நேரம் சொல்லிவந்த அந்த ஊரார் யார்? கவுலில் பேசியது யாருடைய குரல்? செங்கல்பட்டு மிராசு முறை வேரூன்றிய மாவட்டம். நிலத்திலும் நீரிலும் ஏரி மரத்திலும் பங்கு மிராசுதார்களுக்கே. வயலில் இறங்கி உழைத்த சேரி மக்களுக்கு அந்தப் பங்கில் சொந்தமாக ஒரு பிடி மண் கிடையாது. 1891இல் அந்த மாவட்டக் கலெக்டர் டிரமன்ஹீர் ஒடுக்கப்பட்டோரின் நிலை குறித்து எழுதிய அறிக்கை இதை அப்பட்டமாக எடுத்துச் சொன்னது. அவர்களுக்கென்று பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட வழிவகுத்த அறிக்கை அது. அந்த நிலங்களிலும் பெரும்பகுதி பின்னாளில் கைமாறிப் போனது. இன்னும் கீழே போனால், பெயரளவில் இந்த ஊருக்குச் சொந்தக்காரனான வேடன். கண்ணி வைத்துக் கொக்கும் மடையானும் பிடித்து வயிறு கழுவியவர்களுக்கு, பறவையைக் காக்கும் கவுல் ஒரு வாசலை அடைத்தது. பழைய ஏற்பாடுகளைப் பொற்காலமாக எழுதுவது அந்த மக்களுக்குச் செய்யும் இரண்டாவது அநீதி. ஆனால் இந்த மறுப்பும் என் வாதத்தை அழிக்கவில்லை, திருத்துகிறது. பயன்படுத்துகிறவன் காப்பான் என்றால், பயன்படுத்துகிறவர்கள் எல்லோரும் பங்காளிகளாக எழுதப்பட வேண்டும். பங்கு கிடைக்காதவனிடம் காவலை எதிர்பார்க்க யாருக்கும் உரிமையில்லை.

அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்த ஓர் இடமும் அதே செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருக்கிறது. இருளர்கள் பாம்பு பிடித்துத் தோலை வணிகர்களிடம் விற்று வந்தவர்கள். 1972இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. நியாயமான தடை. ஆண்டுக்கு லட்சக்கணக்கில் தோல் கப்பலேறிக்கொண்டிருந்தது. பாம்பு குறைய எலி பெருகியது. ஆனால் தடை வந்த மறுநாள் ஒரு சமூகமே தன் கைத்திறனோடு சேர்த்துக் குற்றவாளியானது. பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரும் இருளர்களும் சேர்ந்து 1978இல் தொடங்கிய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இந்தச் சிக்கலுக்குக் கிடைத்த விடை. வடநெம்மேலியில் அது இயங்குகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கைப் பிடித்து வருவார்கள். பாதி மணல் நிரப்பிய மண்பானையில் விட்டு, வாயைத் துணியால் கட்டி வைப்பார்கள். சில வாரத்துக்குள் மூன்று நான்கு முறை, கண்ணாடிக் குவளையின் விளிம்பில் இழுத்துக் கட்டிய தோலைக் கடிக்க வைத்து நஞ்சு எடுப்பார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் ஒன்றைக் கத்தரித்து அடையாளம் வைத்துக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். அடையாளம் உள்ள பாம்பை மறுபடி பிடித்து வந்தால் சங்கம் வாங்காது. நாட்டில் பாம்புக்கடி மருந்துக்குத் தேவையான நஞ்சில் பெரும்பகுதி இந்தப் பானைகளிலிருந்து போயிருக்கிறது. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. தோலுக்காகக் கொன்ற கை நஞ்சுக்காக உயிரோடு விட்டது. அந்த மாற்றத்தைத் தடை கொண்டுவரவில்லை. தடைக்குப் பின் எழுதப்பட்ட பங்குதான் கொண்டுவந்தது.

பங்கை எழுதாமல் தடையை மட்டும் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு ராஜஸ்தானின் பரத்பூர் மாதிரி. கேவலாதேவ் கானா என்ற அந்தச் சதுப்பும் வேடந்தாங்கலைப் போல மனிதர்கள் அணை கட்டி நீர் தேக்கி உண்டாக்கியதுதான். அரசர்களின் வேட்டைக்களம். 1938 நவம்பரில் வைசிராய் லின்லித்கோ வந்தபோது ஒரே நாளில் 4,273 பறவைகள் சுட்டு வீழ்த்தப்பட்ட இடம். பின்னாளில் அது காப்பகமானது நல்ல காரியம். 1980களின் தொடக்கத்தில் தேசியப் பூங்கா ஆனதும் சுற்றுக் கிராமங்களின் எருமைகளை உள்ளே விடக்கூடாது என்று 1982இல் தடை போட்டார்கள். சுவர் எழுந்தது. எதிர்த்த கிராமத்தார்மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்த, உயிர்கள் போயின. மேய்ச்சல் கூடாது என்று பரிந்துரைத்தவர்களில் நாட்டின் தலைசிறந்த பறவையியலாளர் சாலிம் அலியும் ஒருவர். எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. அன்றைய அறிவு அவ்வளவுதான். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் அங்கே பத்து ஆண்டு தங்கி ஆராய்ந்தார்கள். கிடைத்த முடிவு அவர்களையே திடுக்கிட வைத்திருக்கும். எருமை மேயாததால் ஒருவகை நீர்ப்புல் திறந்த நீரெல்லாம் படர்ந்து மூடிக்கொண்டது. வாத்துக்கு இறங்க நீரில்லை, கொக்குக்கு மீன் தெரியவில்லை. கிழங்கு தோண்டித் தின்னும் சைபீரியக் கொக்குகளுக்கும் இடைஞ்சல். பறவைக்கு எதிரி என்று வெளியே தள்ளப்பட்ட எருமைதான் இத்தனை காலம் பறவைக்கு வயல் திருத்திக்கொண்டிருந்தது. தங்கள் முந்தைய எண்ணம் தவறு என்று அந்த ஆய்வாளர்கள் வெளிப்படையாகவே எழுதினார்கள். அந்த நேர்மைக்குத் தலைவணங்க வேண்டும். ஆனால் தடையால் செத்தவர்கள் திரும்பி வரவில்லை.

பரத்பூருக்கு முன்பே இப்படிப்பட்ட அனுபவங்கள் உலகின் பல இடங்களில் சேர்ந்து கனத்தபோதுதான், யுனெஸ்கோ 1971இல் தொடங்கிய 'மனிதனும் உயிர்க்கோளமும்' திட்டத்தின் வழியாக உயிர்க்கோளக் காப்பகம் என்ற கருத்து வந்தது. நடுவில் யாரும் தொடாத உட்பகுதி, சுற்றி அளவான பயன்பாடு, அதற்கும் வெளியே மக்கள் வாழ்ந்து உழைக்கும் நிலம். இந்தியாவில் முதலாவதாக நீலகிரி 1986இலும் பின்னர் மன்னார் வளைகுடா 1989இலும் அப்படி அறிவிக்கப்பட்டன. கருத்து சரிதான். ஆனால் காகிதத்தில் வட்டம் வரைகிறவர் யார், அந்த வட்டத்துக்குள் இருப்பவருக்கு என்ன கேள்வியுரிமை என்பதை அது தானாகத் தீர்த்துவிடாது. வேடந்தாங்கலில் நடந்ததைப் பார்த்தாலே தெரியும். 1936இல் செங்கல்பட்டுக் கலெக்டர் அதைச் சரணாலயமாக ஏற்றார். 1962இல் சென்னை வனச் சட்டத்தின் கீழ் வனத்துறைக் காவலுக்கு வந்தது. 1972இல் காட்டுயிர்ச் சட்டம். 1998இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஆரத்துக்குச் சரணாலயம் என்று அறிவிப்பு. 2022இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியல். ஒவ்வொரு படியிலும் பறவைக்குச் சட்டத்தின் பலம் கூடியது. அதை மறுக்க முடியாது. ஆனால் கவுலில் இரண்டு தரப்பு இருந்தது. அரசாணையில் ஒரு தரப்புதான். ஏரி சுற்றுலா இடமானது, கரை நடைபாதையானது, ஊரார் காவல்காரர்கள் என்ற நிலையிலிருந்து, நுழைவுச்சீட்டுக் கூடத்துக்கு வெளியே கடை போடுகிறவர்களாக மெல்ல இடம் மாறினார்கள்.

ஒரு தரப்பு எழுதியதை அதே தரப்பு திருத்தவும் முற்படும். 2020இல் அந்த 5 கிலோமீட்டர் ஆரத்தை 3 கிலோமீட்டராகக் குறைக்கும் யோசனை அரசுத் தரப்பிலேயே எழுந்தது. அந்த வட்டத்துக்குள் இருந்த தொழிற்சாலை ஒன்றின் விரிவாக்கமும் அதோடு சேர்ந்து பேசப்பட்டது. இரண்டு கிலோமீட்டர்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 5 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு 78 சதுர கிலோமீட்டருக்கு மேல். 3 கிலோமீட்டரானால் 28 சொச்சம். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். மாநில அரசு நினைத்த மாத்திரத்தில் எல்லையைக் குறைத்துவிட முடியாது, தேசியக் காட்டுயிர் வாரியத்தின் பரிந்துரை வேண்டும் என்று சட்டம் சொல்கிறது உண்மைதான். ஆனால் அந்த வாரியத்திலும் அந்த வயல்களின் உழவருக்கு நாற்காலி இல்லை. யோசனை வெளியே தெரிந்ததும் பறவை ஆர்வலர்களும் சுற்றுவட்ட மக்களும் எதிர்த்து எழுந்தார்கள், வழக்கும் போடப்பட்டது. எல்லை சுருங்கவில்லை. 1798இல் கலெக்டர் கச்சேரிக்கு நடந்துபோனவர்களின் வேலையைத்தான் இவர்களும் செய்தார்கள். வேறுபாடு ஒன்றுதான். முன்னவர்கள் கையில் ஒரு சீட்டோடு திரும்பினார்கள். இவர்கள் கையில் எதுவும் இல்லை.

புலிக்கும் யானைக்கும் இந்தக் கதை பொருந்துமா, 30 ஹெக்டேர் ஏரியை வைத்து ஆயிரம் சதுர கிலோமீட்டர் காட்டுக்குப் பாடம் சொல்லலாமா என்று கேட்பார்கள். அளவு பெரிதானால் சிக்கலும் பெரிதாகும். யாரும் தொடாத இடம் சில உயிர்களுக்குக் கட்டாயம் வேண்டும். அதை வேடந்தாங்கலே மறுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கூடு கட்டும் காலத்தில் ஏரிக்குள் யாரும் இறங்கக்கூடாது, மரத்தை வெட்டக்கூடாது, சத்தம் கூடாது. அந்த மரங்களும் அந்த மாதங்களும் ஊரே விட்டு வைத்த தொடாத இடம், தொடாத காலம். பயன்பாடு என்றால் எப்போதும் எதையும் எடுத்துக்கொள்வது என்று பொருளில்லை. எதை எப்போது எடுக்கக்கூடாது என்று தெரிந்திருப்பதுதான் பயன்பாட்டின் பாதி. அந்த எல்லையை யார் போட்டது, அதை மீறினால் யாருக்கு நஷ்டம் என்பதில்தான் ஒரு காப்பகத்தின் ஆயுள் இருக்கிறது.

அன்றாடத்தில் இது மிகச் சிறிய ஒரு முடிவாக வந்து நிற்கும்: மதகை எப்போது திறப்பது? பருவமழை நன்றாகப் பெய்த வருஷம் கேள்வியே எழாது. மழை குறைந்த வருஷத்தில்தான் சோதனை. ஏரியில் அரைக் கொள்ளளவு, மாசி மாதம், வயலில் நவரைப் பயிர் நீருக்கு ஏங்குகிறது. மரத்தில் இறகு முளைக்காத குஞ்சுகள். நீரைத் திறந்துவிட்டால் பயிர் பிழைக்கும். மரத்தடியில் தரை தெரியும். இரவில் நரி நடந்து வரும், கீழே விழுந்த குஞ்சு திரும்ப ஏறாது. திறக்காவிட்டால் குஞ்சு பறக்கும், பயிர் கருகும். எந்த அறிவியல் நூலும் எந்த அரசாணையும் இதற்குத் தேதி குறித்துத் தர முடியாது. ஏரியின் ஆழம், மிச்ச நாள், பக்கத்து ஏரியிலிருந்து நீர் கொண்டுவர வழியிருக்கிறதா என்பதெல்லாம் அறிந்தவர்கள் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். இழக்கிற பயிருக்கு ஈடு உண்டென்றால் பேச்சு எளிதாகும். அந்த ஈட்டை எழுதி வைத்தால் இன்னும் எளிதாகும். முன்பு அந்தப் பேச்சு கரைமேல் நடந்தது. அது மறுபடி கரைக்கு வர வேண்டும். ஆயக்கட்டில் நிலமுள்ளவர் மட்டுமின்றி அந்த நிலத்தில் கூலிக்கு இறங்குபவரும், மீன் பிடிப்பவரும், ஆடு மேய்ப்பவரும் உட்கார இடமுள்ள பேச்சாக.

அந்தப் பேச்சு வேடந்தாங்கல் கரையோடு நின்றுவிடவும் முடியாது. ஏரி பறவைக்குத் தொட்டில் மட்டும்; சாப்பாடு அங்கே இல்லை. காலையில் கூட்டங்கூட்டமாகக் கிளம்பும் நாரைகள் சுற்றியுள்ள நூற்றுக்கணக்கான ஏரிகளிலும் வயல்களிலும் இறங்கி இரை தேடிக்கொண்டு மாலையில் திரும்புகின்றன. நத்தைக்குத்தியின் அலகை அருகில் பார்த்தால் மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். நத்தை ஓட்டை உடைக்காமல் உள்ளிருக்கும் சதையை அறுத்தெடுக்க அமைந்த அலகு. அந்த நத்தை வளர்வது வேடந்தாங்கலில் இல்லை. பத்து மைல் தள்ளியுள்ள யாரோ ஒரு உழவரின் சேற்றில். அவர் பூச்சிமருந்து அடித்தால் நத்தை சாகும். அவருடைய ஏரி மனைப்பிரிவானால் நத்தையே இராது. அடிக்காமல் விட்டால் அவருக்கு என்ன கிடைக்கும்? எச்சம் கலந்த நீர் வேடந்தாங்கல் ஆயக்கட்டுக்குத்தான் பாய்கிறது. சரணாலயத்தின் பெயர்ப்பலகையில் அவர் ஊர் இல்லை, நுழைவுக் கட்டணத்தில் அவருக்குப் பங்கில்லை. 5 கிலோமீட்டர் வட்டத்துக்குள் இருந்தால் கட்டுப்பாடு மட்டும் அவருடையது. வெளியே இருந்தால் அதுவும் இல்லை. வேடந்தாங்கல் குஞ்சுகளுக்கு இரை கொடுக்கும் அந்த உழவருக்கு இதுவரை யாரும் ஒரு கவுல் எழுதிக் கொடுக்கவில்லை.